தூரம் ஒன்று, நேரம் பல

தெற்கு அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையில், இரண்டு எரிமலைத் தீவுகள் இருக்கின்றன. ஒன்று செயின்ட் ஹெலினா. 1815-ல் நெப்போலியனைக் கொண்டுபோய்ச் சிறைவைத்த இடம். 1821-ல் அவர் இறந்ததும் அங்கேதான். பரப்பளவு 122 சதுர கி.மீ., மக்கள் நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு வடமேற்கே இருப்பது அசென்ஷன். அது இன்னும் சிறியது, 88 சதுர கி.மீ. அங்கே இருக்கும் எண்ணூறு பேரும் வேலைக்காக வந்தவர்கள், அல்லது அவர்களுடைய குடும்பத்தினர். இரண்டு தீவுகளும் பிரிட்டனின் ஆட்சியில் உள்ளவை. இரண்டிலும் தலா ஒரு விமான நிலையம் உண்டு.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு தூரம்? போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் கேள்விக்கு ஒரே பதில்தான்: 1,300 கி.மீ. இரண்டாவது கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. சார்லஸ் டார்வினை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிய பீகிள் கப்பல், 1836 ஜூலை 14-ம் தேதி செயின்ட் ஹெலினாவிலிருந்து பாய் விரித்து 19-ம் தேதி அசென்ஷனை அடைந்தது. ஐந்து நாள். பிற்காலத்தில் ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா என்ற அஞ்சல் கப்பல், மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் இதே தூரத்தை இரண்டு நாளில் கடந்தது. இன்றைய ஜெட் விமானத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அந்தப் பாதையில் விட்ட விமானம் மாதத்துக்கு ஒருமுறைதான் போய்வந்தது. முந்தைய நாள்தான் புறப்பட்டுப் போய்விட்டது என்றால், காத்திருப்பவருக்கு அதே 1,300 கி.மீ. நான்கு வாரமாகிவிடும்.

பூமி தூரத்தைத் தருகிறது. நேரத்தைத் தருவது காற்று, எரிபொருள், ஓடுதளம், கால அட்டவணை, அரசாங்கத்தின் முடிவு ஆகியவை எல்லாம் சேர்ந்துதான். ஒவ்வொன்றும் அந்த இரண்டு மணி நேரத்தை எப்படி நீட்டுகிறது என்பதை இந்தத் தீவுகளை வைத்தே பார்க்கலாம். பெரிய நகரங்களுக்கு இடையே இந்தக் காரணங்கள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடுகின்றன. கடல் நடுவே இருக்கும் இரண்டு சின்ன நிலையங்களுக்கு இடையே அவை தனித்தனியாகத் துலக்கமாகத் தெரிகின்றன.

புள்ளி எங்கே இருக்கிறது?

இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அந்த இடங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். நிலத்தில் சங்கிலி பிடித்து அளந்துகொண்டே போகலாம். கடலில் அது நடக்காது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வானத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அட்சரேகை எளிது. நண்பகல் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால் போதும். தீர்க்கரேகைதான் பல நூற்றாண்டுகள் மாலுமிகளை அலைக்கழித்தது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். எனவே நாம் இருக்கும் இடத்தின் நேரத்தையும், அதே கணத்தில் லண்டனில் உள்ள கிரீன்விச்சின் நேரத்தையும் அறிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தீர்க்கரேகை. கிரீன்விச் நேரத்தை நடுக்கடலில் எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் சிக்கல். ஒரு நிமிடம் பிசகினால், நிலநடுக்கோட்டுக்கு அருகே கப்பலின் இடம் 28 கி.மீ. தவறிப்போகும்.

இந்தச் சிக்கல் தீர்ந்த வரலாற்றில் செயின்ட் ஹெலினாவுக்கு ஓர் இடம் உண்டு. அப்போது அந்தத் தீவு கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் இங்கிலாந்து திரும்பும் கம்பெனிக் கப்பல்கள் அங்கே நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு போகும். 1677-ல் எட்மண்ட் ஹேலி, இருபது வயது மாணவராக அங்கே போய்த் தென்வானத்து விண்மீன்களை அளந்தார். சூரியனுக்குக் குறுக்கே புதன் கடப்பதையும் அங்கிருந்துதான் பார்த்தார். இப்படிப்பட்ட கடப்புகளை வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்துச் சூரியனின் தூரத்தையே கணக்கிடலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

அந்த எண்ணத்தைச் செயலாக்க, 1761-ல் நெவில் மாஸ்கலைன் என்ற வானியலாளரை ராயல் சொசைட்டி அதே தீவுக்கு அனுப்பியது. ஜூன் 6-ம் தேதி சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்தபோது, தீவின் மேகம் அதை மறைத்துவிட்டது. வந்த காரியம் நடக்கவில்லை. ஆனால் போகும் வழியில் மாஸ்கலைன் இன்னொரு காரியத்தைச் செய்திருந்தார். விண்மீன்களுக்கு இடையே நிலா நகர்வதை ஒரு கடிகாரமுள்ளாகக் கொண்டு, நிலாவுக்கும் விண்மீனுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்து, கிரீன்விச் நேரத்தைக் கணித்துக்கொண்டே வந்தார்.

நிலா ஒரு மணி நேரத்தில் அரைப் பாகைக்குச் சற்றே அதிகமாக நகர்கிறது. அறுபதில் ஒரு பங்கு பாகை அளவில் கோணம் தவறினால்கூட இடம் ஏறக்குறைய 50 கி.மீ. தவறும். அப்படியும் அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். 1763-ல் இந்த முறையை மாலுமிகளுக்காகப் புத்தகமாக எழுதினார். பிறகு அரச வானியலாளராகி, 1767-ம் ஆண்டிலிருந்து கடல் பஞ்சாங்கத்தை வெளியிட ஏற்பாடு செய்தார். கிரீன்விச்சைத் தொடக்கப் புள்ளியாக வைத்து உலகம் தீர்க்கரேகையை எண்ணும் வழக்கம் வேரூன்ற அந்தப் பஞ்சாங்கமும் ஒரு காரணம்.

அசென்ஷனுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இன்று நம் கைப்பேசிக்கு இடம் சொல்லும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து கண்காணிக்கத் தொடக்கத்தில் அமைத்த சில நிலையங்களில் ஒன்று அசென்ஷனில் இருக்கிறது. செயற்கைக்கோளின் அணுக்கடிகாரம் அனுப்பும் குறிப்பு நம்மை வந்தடைய எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்துத்தான் ஜி.பி.எஸ். தூரத்தைக் கணிக்கிறது. ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 30 செ.மீ. தவறும். மாஸ்கலைன் நிலாவைப் பார்த்துச் செய்ததும், செயற்கைக்கோள் செய்வதும் அடிப்படையில் ஒன்றே: நேரத்தை அளந்துதான் இடத்தை அறிகிறோம்.

தாளில் போடும் கணக்கு

இப்போது இரண்டு ஓடுதளங்களின் இடத்தை எழுதிக்கொள்வோம். செயின்ட் ஹெலினா: தெற்கு அட்சரேகை 15.96 பாகை, மேற்கு தீர்க்கரேகை 5.646 பாகை. அசென்ஷன்: தெற்கு 7.97, மேற்கு 14.394.

தெற்கு வடக்காக வித்தியாசம் 7.99 பாகை. பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டை என்று கொண்டால் ஒரு பாகை 111.2 கி.மீ. ஆகவே வடக்கே 888 கி.மீ. போக வேண்டும்.

கிழக்கு மேற்காக வித்தியாசம் 8.75 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒன்றையொன்று நெருங்குவதால், இங்கே ஒரு பாகை 111 கி.மீ.க்குக் குறைவு. இரண்டு தீவுகளுக்கும் நடுவே உள்ள அட்சரேகை கிட்டத்தட்ட 12 பாகை. அதன் கொசைன் 0.978. 8.75-ஐ 111.2-ஆலும் 0.978-ஆலும் பெருக்கினால் மேற்கே 952 கி.மீ. வருகிறது.

இனி பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் போதும். 888-ன் வர்க்கத்தையும் 952-ன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,302 கி.மீ. உருண்டையின் வளைவைச் சரியாகக் கணக்கில் கொள்ளும் கோளத் திரிகோணமிதிச் சூத்திரத்தைப் போட்டால் 1,301 வருகிறது. பூமி முழு உருண்டையும் அல்ல. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவத்தில் உள்ளதைவிட 21 கி.மீ. அதிகம். அந்தச் சப்பையையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை 1,300-ஐ ஒட்டி வந்து நிற்கும். தட்டையான தாளில் போட்ட கணக்குக்கும் மிகத் துல்லியமான கணக்குக்கும் இடையே இரண்டு, மூன்று கி.மீ.தான் வேறுபாடு. அந்த இடைவெளியை விமானம் பத்துப் பன்னிரண்டு வினாடியில் கடந்துவிடும்.

எல்லா இடத்திலும் பிதாகரஸ் இப்படிக் கைகொடுக்க மாட்டார். நிலநடுக்கோட்டுக்கு அருகே, குறைந்த தூரத்துக்கு மட்டுமே இது சரிவரும். தூரம் கூடினாலோ, துருவத்தை நெருங்கினாலோ, உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியாகப் போகுமோ அந்தப் பெருவட்டப் பாதையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோணக் கணக்கைப் பற்றி விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் ஒரு சுருக்கமும் இங்கே பொருந்தும். திசை ஒரு பாகை பிசகினால், பறக்கும் ஒவ்வொரு 60 கி.மீ.க்கும் பாதை 1 கி.மீ. விலகும். இரண்டாம் உலகப்போரின்போது, 1942-ல், அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அசென்ஷனில் சில மாதங்களுக்குள் ஓர் ஓடுதளம் அமைத்தார்கள். பிரேசிலின் நட்டால் நகரத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் போர் விமானங்கள் நடுவழியில் அங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. நட்டாலிலிருந்து தீவுக்கு 2,300 கி.மீ. ஒரு பாகை தவறினால் போய்ச்சேரும் இடம் 40 கி.மீ. தள்ளிப்போகும். தீவின் குறுக்களவோ பதினான்கு கி.மீ.க்குள்தான். ஜி.பி.எஸ். இல்லாத காலத்தில், விண்மீனையும் ரேடியோவையும் நம்பி அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்து இறங்கியவர்களின் திறமை வியக்கத்தக்கது.

வானில் இரண்டு மணி நேரம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும். எம்ப்ரேயர் 190 ரக ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். 1,300-ஐ 830-ஆல் வகுத்தால் 94 நிமிடம். ஆனால் பயணம் இரண்டு மணி நேரம் எடுக்கிறது. மீதி எங்கே போயிற்று?

ஏறுவதிலும் இறங்குவதிலும் போயிற்று. ஓடுதளத்தை விட்டு எழுந்த விமானம் 11 கி.மீ. உயரத்துக்குப் போக ஏறத்தாழ 20 நிமிடமாகிறது. அதற்குள் 200 கி.மீ. கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகள் வைத்திருக்கும் மனக்கணக்கு, ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல். 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல்மைல் வேண்டும். அதாவது மீண்டும் 200 கி.மீ. இதற்குச் சுமார் 25 நிமிடம். ஆக முழு வேகத்தில் பறப்பது நடுவிலுள்ள 900 கி.மீ. மட்டுமே, அது 65 நிமிடம். எல்லாவற்றையும் கூட்டி, தரையில் ஓடும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் வந்துவிடும். எந்த ஜெட் பயணத்துக்கும் இதைச் சுருக்கமாகப் போட்டுப் பார்க்கலாம்: தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள்.

தூரம் குறையக் குறைய இந்த அரை மணி நேரத்தின் பங்கு பெருகும். மிகக் குறைந்த தூரத்துக்கு ஜெட் விமானமே தேவையில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கி.மீ. தூரம்தான். கால அட்டவணைப்படி பறக்கும் விமானங்களில் உலகிலேயே குறைந்த தூரம் அது. இரண்டு நிமிடம் என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 வினாடியில் முடிந்ததுண்டு. அங்கே ஏறுவதும் இறங்குவதுமே முழுப் பயணம்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். போகும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று, திரும்பும்போது எதிரே நின்று தடுக்கும். இரண்டும் சமமாகிவிடும் என்று தோன்றலாம். கணக்கு அப்படி வருவதில்லை. காற்றில் மணிக்கு 800 கி.மீ. வேகமுள்ள விமானம் 1,300 கி.மீ. போய்த் திரும்புகிறது என்று கொள்வோம். காற்றே இல்லையென்றால் மொத்தம் 195 நிமிடம். மணிக்கு 100 கி.மீ. காற்று அடித்தால், பின்காற்றோடு போக 87 நிமிடம், எதிர்காற்றில் திரும்ப 111 நிமிடம், மொத்தம் 198. உதவும் காற்றில் விமானம் குறைந்த நேரமே இருக்கிறது, தடுக்கும் காற்றில் அதிக நேரம் இருக்கிறது. அதனால் போய்வரும் பயணத்தில் நிலையாக வீசும் காற்று எப்போதும் நேரத்தைக் கூட்டவே செய்யும்.

சுற்றிலும் தரையில்லை

சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானம் மதுரையில் இறங்க முடியாவிட்டால் திருச்சிக்குப் போய்விடும். செயின்ட் ஹெலினாவில் இறங்க முடியாத விமானம் எங்கே போவது? அதற்கு மிக அருகே இருக்கும் ஓடுதளம் 1,300 கி.மீ. தள்ளியுள்ள அசென்ஷன்தான்.

இத்தகைய தனித்த நிலையங்களுக்கென்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தனி விதி வைத்திருக்கிறது. மாற்று நிலையம் ஒன்றைக் குறித்துக்கொள்ளாமல் அங்கே போகும் ஜெட் விமானம், தீவின் மேல் வந்து சேர்ந்த பிறகும் இரண்டு மணி நேரம் பறக்கக்கூடிய எரிபொருளை வைத்திருக்க வேண்டும். மேகம் விலகும்வரை சுற்றிக்கொண்டிருக்க அது உதவும். இன்னும் பாதுகாப்பான வழி, இறங்க முடியாவிட்டால் புறப்பட்ட கண்டத்துக்கே திரும்பிவிடும் அளவு எரிபொருளோடு போவது.

2017 அக்டோபர் 14-ம் தேதி, தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து செயின்ட் ஹெலினாவுக்கு முதல் பயணிகள் விமானத்தைத் தொடங்கியது. தூரம் 3,680 கி.மீ. முழுப் பாரத்தோடு எம்ப்ரேயர் 190 ஒரே மூச்சில் பறக்கக்கூடியது 4,500 கி.மீ. அளவு. போய்ச்சேர முடியும், ஆனால் இறங்க முடியாமல் திரும்ப வேண்டியிருந்தால் எரிபொருள் போதாது. ஆகவே விமானம் நமீபியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளும்; முதலில் விண்ட்ஹூக்கில், பிறகு கடற்கரையிலுள்ள வால்விஸ் பேயில்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வால்விஸ் பே 1,420 கி.மீ.; அங்கிருந்து தீவு 2,260 கி.மீ. கூட்டிப் பாருங்கள், 3,680 வருகிறது. வால்விஸ் பே கிட்டத்தட்ட பெருவட்டப் பாதையின் மேலேயே இருக்கிறது! இந்த நிறுத்தத்தால் தூரம் கூடுவதில்லை. ஆனால் இறங்கி, எரிபொருள் நிரப்பி, மீண்டும் ஏறும் நேரம் கூடுகிறது. திரும்பும்போது எதிரே இருப்பது ஒரு கண்டம் முழுக்க விமான நிலையங்கள். நடுவில் நிற்காமல் நேரே ஜோஹன்னஸ்பர்க் போய்விட முடியும். ஒரே பாதைக்குப் போகும்போது ஒரு நேரமும் வரும்போது ஒரு நேரமும் ஆவதற்கு இதுவும் காரணம்.

எரிபொருளுக்கு எடை உண்டு. திரும்பி வரும் எரிபொருளைச் சுமக்க வேண்டும், குறைந்த நீளமுள்ள ஓடுதளத்தில் இறங்கவும் வேண்டும் என்றால், ஆட்களைக் குறைக்கத்தான் வேண்டும். நூறு பேர்வரை உட்காரக்கூடிய அந்த விமானத்தில் தொடக்கத்தில் 76 பேரை மட்டுமே ஏற்றினார்கள்.

இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஓர் எஞ்சின் நின்றுபோனால், மற்றொன்றை மட்டும் கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிலையத்தை அடையக்கூடிய தொலைவிலேயே அவை பறக்க வேண்டும். வழக்கமான வரம்பு ஒரு மணி நேரம். ஒற்றை எஞ்சினில் மணிக்கு 700 கி.மீ. என்று கொண்டால், கரையிலிருந்து 700 கி.மீ., தீவிலிருந்து 700 கி.மீ. வரைதான் பறக்கலாம். 2,260 கி.மீ. பாதையின் நடுவே 860 கி.மீ. யாருக்கும் எட்டாத கடலாக நிற்கும். அதைக் கடக்க, நீட்டித்த தூரத்துக்கான சிறப்பு அனுமதியை நிறுவனம் பெற வேண்டியிருந்தது. அந்த அனுமதிக்கு எஞ்சினின் நம்பகத்தன்மை, பராமரிப்பு, விமானிகளின் பயிற்சி எல்லாவற்றையும் சோதிப்பார்கள்.

பாறை விளிம்பில் காற்று

செயின்ட் ஹெலினாவில் விமான நிலையம் கட்டியதே ஒரு பெரிய காரியம். தீவில் சமதரை மிக அரிது. கிழக்குக் கரையில் ப்ராஸ்பரஸ் பே ப்ளெய்ன் என்ற மேட்டுநிலத்தைத் தேர்ந்தெடுத்து, அதை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கை ஏறத்தாழ 80 லட்சம் கன மீட்டர் பாறையும் மண்ணும் போட்டு நிரப்பி, 1,950 மீட்டர் ஓடுதளம் அமைத்தார்கள். கடல்மட்டத்திலிருந்து 310 மீட்டர் உயரம். விளிம்பில் செங்குத்தாகப் பாறை இறங்குகிறது.

2016 ஏப்ரலில் ஒரு போயிங் 737 சோதனைக்காக வந்தது. வடக்கிலிருந்து ஓடுதளத்தை நெருங்கியபோது, விண்ட் ஷியர் எனப்படும் காற்றின் திடீர் மாற்றத்தால் இறங்க முடியாமல் மேலே போனது. மூன்றாவது முயற்சியில்தான் தரையைத் தொட்டது. மறுமாதம் நடக்கவிருந்த திறப்பு விழா நின்றுபோனது. பயணிகள் விமானம் வர இன்னும் ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தீவில் ஆண்டு முழுவதும் தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. கடல்மேல் தடையில்லாமல் வரும் காற்று செங்குத்துப் பாறையில் மோதி மேலே எழும்புகிறது. முகடுகளைத் தாண்டியதும் சுழன்று கீழே இறங்குகிறது. ஆற்றில் தடுப்பணையைத் தாண்டி விழும் தண்ணீர் அணைக்குக் கீழே சுருண்டு புரள்வதைப் பார்த்திருக்கிறோமே, அதுபோல. தரையிறங்கும் விமானம் அந்தச் சுழலுக்குள் நுழைந்தால், எதிர்காற்று சில வினாடிகளில் குறைந்துவிடும். எதிர்காற்று குறைந்தால் இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகமும் குறையும். தாங்கும் விசை குறையும். விமானம் கீழே அமிழும். எதிர்த்திசையிலிருந்து இறங்கலாம் என்றால் காற்று பின்னாலிருந்து தள்ளும். வேகம் கூடி, நிற்பதற்கு ஓடுதளம் போதாமல் போகலாம். குறைந்த ஓடுதளத்தில் நன்றாக இயங்கக்கூடிய எம்ப்ரேயர் 190 இந்தப் பாதைக்கு வந்தது இதனால்தான்.

அந்தச் சோதனைக்கு 180 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் காற்றை ஒருவர் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். டார்வின் அந்தத் தீவில் நடந்து திரிந்தபோது, ஆயிரம் அடிப் பாறையின் விளிம்பில் முடியும் ஒரு வெளிக்கு வந்தார். சில கஜ தூரத்தில் ஆலாப் பறவைகள் பலத்த காற்றை எதிர்த்துத் திணறிக்கொண்டிருந்தன. அவர் நின்ற இடத்திலோ காற்றே இல்லை. விளிம்புக்குப் போய்க் கையை வெளியே நீட்டினார். காற்றின் முழு வேகமும் கையில் அறைந்தது. அமைதியான காற்றையும் பெருங்காற்றையும் பிரித்த எல்லை இரண்டு கஜம் அகலமே இருந்தது என்று தம் பயணநூலில் குறித்து வைத்தார். பாறை முகத்தில் மோதிய காற்று மேல்நோக்கித் திரும்புவதே காரணம் என்றும் ஊகித்தார். எந்தக் கருவியும் கையில் இல்லை. கண்ணும் கையும் கேள்வி கேட்கும் மனமும் இருந்தால் இயற்பியலை எந்த இடத்திலும் கண்டுகொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

காத்திருப்பும் பயணம்தான்

தூரமும் காற்றும் எரிபொருளும் ஓடுதளமும் சேர்ந்து தரும் நேரத்தை மணியில் சொல்லலாம். அதற்கு மேல் வருவது நாள்கணக்கில் ஓடும்.

அசென்ஷனின் ஓடுதளம் 3,000 மீட்டருக்கும் மேல் நீளமானது. பெரிய விமானங்கள் இங்கிலாந்திலிருந்து நேரே அங்கே வந்து, பிறகு ஃபாக்லாந்துத் தீவுகளுக்குப் போகும். அந்த வசதியில் தீவின் மக்களும் பயணம் செய்துவந்தார்கள். 2017-ல் ஓடுதளத்தின் மேற்பரப்பு சிதைந்ததால் பெரிய விமானங்கள் வருவது நின்றது. அந்தப் பெரிய விமானச் சேவை 2023-ல்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில், செயின்ட் ஹெலினாவுக்கு வரும் எம்ப்ரேயர் விமானம் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அசென்ஷனுக்கும் போய்வந்தது. கொரோனா வந்தபோது அந்தச் சேவையும் நின்றுபோனது.

ஓடுதளம் கெட்டுப்போனதன் விலையைத் தூரத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். அசென்ஷனிலிருந்து இங்கிலாந்துக்கு நேரே 6,750 கி.மீ. அந்த வழி அடைபட்டதும், செயின்ட் ஹெலினாவுக்கு 1,300, ஜோஹன்னஸ்பர்க்குக்கு 3,680, அங்கிருந்து லண்டனுக்கு 9,070 என்று மொத்தம் 14,000 கி.மீ.க்கு மேல் சுற்ற வேண்டும். வடக்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் தென்கிழக்கே போக வேண்டும். தூரம் இரட்டிப்பானது, நேரமோ அடுத்த விமானம் வரும் நாளைப் பொறுத்துப் பல மடங்கானது. அசென்ஷனில் கால் வைக்க முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்பதால், அந்தக் கடிதம் வரும் நாளையும் பயணத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் பயண நேரத்தைச் சொல்லும் சரியான முறை எது? சேவை எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பார்த்து, அதில் பாதியைப் பறக்கும் நேரத்தோடு கூட்ட வேண்டும். முன்கூட்டித் திட்டமிடாமல் புறப்பட வேண்டிய ஒருவர் சராசரியாக அவ்வளவு காத்திருப்பார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு விமானம் இருந்தால் அரை மணி நேரம். வாரத்துக்கு ஒன்று என்றால் மூன்றரை நாள். மாதத்துக்கு ஒன்று என்றால் பதினைந்து நாள். இந்தக் கணக்கில் பார்த்தால், செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷனுக்குப் போக மாதாந்திர விமானத்தில் சராசரி நேரம் பதினைந்து நாளும் இரண்டு மணியும். விமானத்தின் வேகத்தை இருமடங்காக்கினால் ஒரு மணி நேரம்கூட மிச்சமாகாது. மாதம் இரண்டு விமானம் விட்டால் ஒரு வாரம் மிச்சமாகும்.

வேகமான எஞ்சின்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். தொலைதூர ஊர்களில் வாழ்பவர்களுக்கு அதைவிட முக்கியமானது அடுத்த வண்டி எப்போது என்பதுதான். செயின்ட் ஹெலினா மருத்துவமனையின் வசதிக்கு மீறிய நோயாளி, முன்பு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் கப்பலுக்குக் காத்திருந்து, பிறகு ஐந்து நாள் கடலில் போய்க் கேப் டவுனை அடைய வேண்டும். இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து மருத்துவ விமானம் வந்து ஓரிரு நாளில் அவரைக் கொண்டுபோய்விட முடியும். அந்த விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 28.5 கோடி பவுண்டு செலவானது. தீவின் மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 65,000 பவுண்டு. இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பணமா என்ற கேள்வி பிரிட்டனில் பலமாக எழுந்தது. 2016-ல் விமானம் இறங்கத் தடுமாறியபோது அந்தக் கேள்வி இன்னும் உரத்தது. ஆனால் அந்தப் பணம் வாங்கித் தந்தது காத்திருப்பிலிருந்து விடுதலை. மூன்று வாரமும் ஐந்து நாளும் ஓரிரு நாளாகச் சுருங்கியதற்கு அதுவே விலை.

ஆகவே தொலைவிலிருக்கும் ஓர் ஊரைப் பற்றி யாராவது கிலோமீட்டரில் சொன்னால், அத்தோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். இறங்க முடியாவிட்டால் விமானம் எங்கே போகும்? அடுத்த சேவை எந்த நாளில்? அவசரமென்றால் யார் வருவார்கள்? முதல் கேள்விக்குப் பொறியியல் பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது ஆட்சியில் இருப்பவர்கள். பூமி விதித்த 1,300 கி.மீ.யை யாரும் குறைக்க முடியாது. அதன் மேல் நாம் ஏற்றிவைத்த பதினைந்து நாளைக் குறைக்க முடியும். குறைக்க வேண்டிய கடமையும் நமக்கு உண்டு.